அக்டோபர் 2: தருமபுரிக்கும் அன்றுதான் பிறந்தநாள்

அக்டோபர் 2-ஆம் தேதி காலையில் தருமபுரியில் நடப்பதெல்லாம் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடப்பதுதான். காந்தி சிலைக்கு மாலை போடுவார்கள். கதர்க் கடையில் தள்ளுபடி விற்பனையைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைப்பார்கள். ஊராட்சிகளில் கிராம சபை கூடும், டாஸ்மாக் கடைகள் பூட்டிக் கிடக்கும். இதற்கு நடுவில் ஒரு விஷயம் பேச்சில்லாமல் கடந்துபோகும். தருமபுரி மாவட்டம் உருவானதும் அதே தேதியில்தான், 1965-இல்.

கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரைக் கேட்டால் அவருடைய மாவட்டத்தின் பிறந்தநாளை பிப்ரவரி 9, 2004 என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். தருமபுரிக்காரர் கொஞ்சம் யோசிப்பார். இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. பெரிய தலைவரின் பிறந்தநாளில் பிறந்த பிள்ளைக்குத் தனியாக யார் கேக் வெட்டுவது? ஆனாலும் அந்தத் தேதியைப் பிரித்துப் பார்த்தால், இந்த வட்டாரத்தின் எண்பது, தொண்ணூறு ஆண்டு நிர்வாக வரலாற்றில் பாதி அதற்குள்ளேயே கிடைக்கிறது.

முதலில், அந்தத் தேதி ஏன் என்று பார்க்கலாம். மாவட்டங்களைப் பிரிக்கும்போது அரசுகள் தேதியைச் சும்மா எடுப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் பொங்கல் நாளான ஜனவரி 14 அன்று வந்தது. கோவையிலிருந்து பிரிந்த பெரியார் மாவட்டம், இன்றைய ஈரோடு, 1979 செப்டம்பர் 17-இல், பெரியாரின் பிறந்தநாளில் தொடங்கியது. திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். நாமக்கல்லுக்கு 1997-இன் புத்தாண்டு நாள். ஆட்சியில் இருப்பவர் யாரைக் கும்பிடுகிறாரோ அவருடைய நாள் மாவட்டத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த வரிசையில் எல்லோருக்கும் மூத்தது தருமபுரி. மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்த பிறகு, இருக்கிற ஒரு மாவட்டத்தை வெட்டிச் சென்னை மாநிலம் உருவாக்கிய முதல் மாவட்டம் இதுதான். காங்கிரஸ் ஆட்சி நடந்த காலம், ஆகவே காந்தி பிறந்தநாள்.

அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலத்துக்கு அந்தத் தேதியில் இன்னொரு கணக்கும் உண்டு. கட்சிப் பணிக்காக மூத்த தலைவர்கள் பதவி விலக வேண்டும் என்ற தன் திட்டப்படி, 1963 அக்டோபர் 2 அன்றுதான் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டார். பக்தவத்சலம் பொறுப்பேற்றதும் அன்றே. ஆக, தருமபுரி பிறந்த நாளில் அவருடைய ஆட்சிக்கு வயது சரியாக இரண்டு. டெல்லியில் பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரிக்கும் அக்டோபர் 2 பிறந்தநாள்தான். ஒரே தேதியில் இத்தனை பொருத்தம் ஒரு காங்கிரஸ் அரசுக்கு வேறெங்கே கிடைக்கும்?

காலம் அப்படியொன்றும் கொண்டாட்டமாக இல்லை. பாகிஸ்தானுடனான போர் நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. செப்டம்பர் 23-இல்தான் போர்நிறுத்தம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, மாணவர் சாவுகள். மழை பொய்த்து அரிசிக்குத் தட்டுப்பாடு வளர்ந்துகொண்டிருந்தது. பதினெட்டு மாதத்தில் பக்தவத்சலத்தின் ஆட்சியைக் கவிழ்த்ததில் அந்த அரிசிக்குப் பெரிய பங்குண்டு. இதற்கெல்லாம் நடுவில் ஒரு புது மாவட்டம். நாட்காட்டியில் அன்று சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி மூன்றாம் சனி. பெருமாள் கோயில் தளிகையும் விரதமும் இந்தப் பக்கத்தில், குறிப்பாக ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில், எவ்வளவு முக்கியம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காந்தி ஜெயந்திக்கு இறைச்சிக் கடையை அடைக்கச் சொல்வதில் இங்கே பெரிய கஷ்டம் வராததற்கு ஒரு காரணம், அந்த மாதத்தில் பாதி வீடுகளில் எப்படியும் கறிக்குழம்பு வைக்க மாட்டார்கள் என்பதே.

சரி, பிரிக்க வேண்டிய தேவை என்ன? பழைய சேலம் மாவட்டத்தின் அளவைப் பார்த்தால் போதும். தெற்கே நாமக்கல் காவிரிக் கரையிலிருந்து வடக்கே தளி வழியாகக் கர்நாடக எல்லை வரை நீண்டு கிடந்தது. ஓசூரிலிருந்து சேலம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர், பெங்களூரோ 40 கிலோமீட்டர்தான். ஒரு நிலத் தகராறு, ஒரு மேல்முறையீடு, கலெக்டரிடம் ஒரு மனு என்றால் அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று மூன்று ஊரைத் தாண்டி, தொப்பூர் கணவாயும் இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். போன வேலை முடியாது, திரும்பி வர அன்றைக்குப் பேருந்தும் இருக்காது. இன்று நான்குவழிச் சாலையிலேயே தொப்பூர் இறக்கம் லாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அன்றைய சாலையை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொப்பூர் கணவாய் வெறும் போக்குவரத்துத் தொல்லை அல்ல. அதற்கு வடக்கே இருப்பது பாராமகால் என்று பழைய பெயர் கொண்ட தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, தெற்கே இருப்பது சேலம் சமவெளி. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் இரண்டுமே அடக்கம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய ஆவணங்கள் 'பாராமகாலும் சேலமும்' என்று இரண்டாகச் சேர்த்தே எழுதுகின்றன. ஓசூர்ப் பகுதி அப்போதும் மைசூரிடமே இருந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அது வந்து சேர்ந்தது. பாராமகாலை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இந்த மண்ணில்தான் ரயத்துவாரி முறைக்கு அடிபோட்டார்கள். நிலத்தை அளந்து, உழுபவரிடமே நேராக வரி வாங்கும் ஏற்பாடு. மன்றோ சில ஆண்டுகள் தருமபுரியிலேயே குடியிருந்தார். பின்னாளில் சென்னை ஆளுநராகவும் ஆனார். பட்டா என்ற ஒரு காகிதத்துக்காகத் தமிழ்நாட்டு விவசாயி தாலுக்கா அலுவலகத்தில் கால் கடுக்க நிற்கும் வழக்கத்துக்கு ஆரம்பப் புள்ளியைத் தேடினால், நம்ம ஊர்தான் கிடைக்கிறது. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்பது அவரவர் பட்டா எத்தனை நாளில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

ஆகவே 1965-இல் நடந்ததைப் புது எல்லை வரைந்ததாகப் பார்ப்பதைவிட, பழைய கோடு ஒன்றை மறுபடி அழுத்தமாகப் போட்டதாகப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் என்று கணவாய்க்கு வடக்கே இருந்த வட்டங்கள் ஒரு மாவட்டமாயின. பரப்பு சுமார் 9,600 சதுர கிலோமீட்டர். அதுவே மிகப் பெரியது. பின்னால் இன்னொரு பிரிவினை வந்ததற்கு விதை அங்கேயே இருந்தது.

மாவட்டப் பிரிவினை ஒரு சாதாரணக் குடும்பத்தில் எப்படித் தெரியும் என்றால், பீரோவில் இருக்கும் கிரயப் பத்திரங்களில் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு பழைய விவசாயக் குடும்பத்தின் பத்திரக் கட்டை அவிழ்த்தால், அடியில் இருக்கும் பழுப்பேறிய முத்திரைத்தாளில் 'சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுக்கா' என்று ஆரம்பிக்கும். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், 'விவசாயம், ஜீவனம்' என்றெல்லாம் எழுதி, அப்புறம் செக்குபந்தி வரும்: கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் புஞ்சை, வடக்கே ஓடை. அடுத்த தலைமுறையின் பாகப்பிரிவினைப் பத்திரம் 'தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்' என்று சொல்லும். 2004-க்குப் பிறகு பேரன் போட்ட செட்டில்மெண்டில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. மூன்று மாவட்டம், ஆனால் நிலம் அதே மாமரத்தடி நிலம். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த மேலாளர் 'இது ஏன் சேலம் என்று இருக்கிறது' என்று கேட்பார். அவருக்கு இந்த வரலாறு முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் மதிய உணவு இடைவேளை வந்துவிடும். உண்மையில் மாவட்டப் பெயர் மாறியதால் யாருக்கும் நிலம் போகவில்லை. தொல்லை கொடுப்பது பெரும்பாலும் எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பதிவுகள்தான். ஒரு சர்வே எண்ணில் பெயர் மாறி ஏறியிருந்தால் அதைத் திருத்தப் படும்பாட்டுக்கு முன்னால் மாவட்டப் பெயரெல்லாம் ஒன்றுமே இல்லை.

இனி மதுவிலக்கு. அக்டோபர் முதல் வாரத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் 1965-க்கு முன்பே ஒரு தொடர்பு இருந்தது. 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, மதுவிலக்கை எடுத்த எடுப்பில் மாகாணம் முழுக்கக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தார். அந்த மாவட்டம் சேலம். நாள் 1937 அக்டோபர் 1. சேலம் என்றால் அன்றைக்குத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்தது. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். அவர் வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராக இருந்த ஊர் சேலம். தன் வைத்தியத்தை முதலில் சொந்த வீட்டிலேயே செய்து பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனையின் பலன் இரண்டு விதமாக வந்தது. பனை, தென்னை, ஈச்சமரங்களில் கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்குத் திடீரென்று வேலை போனது. அரசுக்குக் கலால் வருமானம் போனது. மதுவிலக்கு அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு நீண்டபோது அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி, நாட்டிலேயே முதல் முறையாக. இன்று கடையில் பில் போடும்போது கீழே வரும் வரிக் கணக்கின் மூதாதையை இந்த மண்ணின் கள்ளுக்கடை மூடல் வரை பின்னோக்கிக் கொண்டுபோகலாம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஒருபக்கம் குடியை விட்டவன், மறுபக்கம் எல்லோரும் வாங்கும் பொருளுக்கு வரி.

போர்க்காலத்தில், காங்கிரஸ் அமைச்சரவை இல்லாத நேரத்தில், ஆளுநர் நிர்வாகம் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. மறுபடியும் படிப்படியாக வந்து, ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்றானது. காந்தி சுடப்பட்ட பிறகு வந்த முதல் காந்தி ஜெயந்தி அது. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிறந்தபோது அது சட்டப்படி சொட்டுச் சாராயம் இல்லாத மாவட்டம். மலையடிவாரங்களில் என்ன காய்ச்சினார்கள் என்பது வேறு கதை. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் போய்ப் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலனில்லை. அப்புறம் மூடுவதும் திறப்பதுமாகப் போய், 2003-இல் சில்லறைக் கடைகளையே அரசு நடத்தும் நிலைக்கு வந்தோம்.

இதனால்தான் அக்டோபர் 2-இல் டாஸ்மாக் வாசலில் தொங்கும் 'இன்று கடை விடுமுறை' அட்டைக்கு இங்கே கூடுதலாக ஒரு பொருள் இருக்கிறது. மதுவிலக்கு முதன்முதலில் எந்த மண்ணில் சோதிக்கப்பட்டதோ அதே மண்ணில் அது இப்போது வருடத்தில் சில நாள் மட்டும் நடக்கிறது. மற்ற விடுமுறை நாட்கள் சிலவற்றில் ஓசூர்க்காரருக்கு ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி இருக்கிறது. காந்தி ஜெயந்திக்கு அந்த வழியும் கிடையாது. கர்நாடகத்திலும் கடை அடைப்பு. முந்தின நாள் மாலை கடைகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு என்று புரியும்.

கிராம சபைக்கு வருவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்ததிலிருந்து குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நான்கு நாள் கிராம சபை கூடியது. பிறகு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐயும், உள்ளாட்சி நாள் என்று நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். இன்றைய தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. அத்தனையிலும் அன்று காலை ஒரு சாமியானா, சில பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தீர்மானப் புத்தகம். 2020-இல் மட்டும் கொரோனாவைக் காரணம் காட்டிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அரசு ரத்து செய்தது. அது பெரிய அரசியல் சண்டையானது.

தீர்மானங்களில் பாதி மேலிருந்து அச்சடித்து வருபவை. மக்கள் தாங்களாக வாய் திறப்பது பெரும்பாலும் தண்ணீருக்குத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாறைக்கடியில் இருந்து வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதல்ல என்பது வரையறை. பழுப்பு வரி விழுந்த பற்களை வைத்தே ஒருவர் எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடும் நிலை ஒரு தலைமுறைக்கு இருந்தது; முற்றினால் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல், 2013 மே மாதத்தில் தொடக்கம், ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய். கர்நாடகத்தில் அதற்கு எதிராக எழுந்த போராட்டமும் இங்கே எழுந்த பதில் போராட்டமும் நினைவிருக்கும். அவ்வளவு பெரிய திட்டம் கிராம சபையில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்: 'ஒகேனக்கல் தண்ணி எங்க தெருவுக்கு வாரத்துக்கு எத்தனை நாள் வரும், அதைச் சொல்லுங்க.' ஊராட்சிச் செயலர் குறித்துக்கொள்வார். வராத நாட்களில் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் குழாயில் வரும், அதே புளோரைடோடு.

அரசு தேர்ந்தெடுக்கும் தேதிகள் ஒரு பக்கம். தானாக வந்து விழும் தேதிகள் இன்னொரு பக்கம். 1975 அக்டோபர் 2, மாவட்டத்துக்குப் பத்து வயது நிறைந்த நாள். அன்றுதான் காமராஜர் காலமானார். தென்பெண்ணையில் 1957-இல் அவர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணை அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. திறந்தபோது சேலம், இப்போது கிருஷ்ணகிரி. பத்திரக் கட்டுக்கு நடந்ததேதான் அணைக்கும்.

இப்படித் தானாக விழுந்ததில் கனமானது செப்டம்பர் 29. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்து மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமை நாடறிந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது குற்றச்சாட்டு. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்தது 2011 செப்டம்பர் 29-இல். மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2023 செப்டம்பர் 29-இல். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் அதே தேதி. இதை யாரும் நாள் பார்த்து வைக்கவில்லை. ஆனால் முதல் தீர்ப்பு தருமபுரியில் வாசிக்கப்பட்டது முக்கியம். அரூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்கள் பேருந்து ஏறி வந்து தீர்ப்பைக் காதால் கேட்க முடிந்த தொலைவில் ஒரு மாவட்ட நீதிமன்றம் இருந்தது. தலைமையிடம் பக்கத்தில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கட்டடங்களை அல்ல, இந்த ஒரு வழக்கைத்தான்.

2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது தருமபுரியிடம் மிஞ்சியது தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என்ற ஐந்து வட்டங்கள். கிருஷ்ணகிரி எடுத்துக்கொண்டது கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. பிள்ளை தாயைவிடப் பெரியது: கிருஷ்ணகிரி 5,143 சதுர கிலோமீட்டர், தருமபுரி 4,497. மக்கள்தொகையும் அப்படியே. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி 18.8 லட்சம், தருமபுரி 15 லட்சம். ஓசூர் சிப்காட்டின் ஆலைகளும், அவை இழுத்துவந்த குடியேற்றமும் அந்தப் பக்கம் போயின. தருமபுரிக்கு மிஞ்சியது பட்டுக்கூடு ஏல அங்காடி, பாலக்கோட்டுத் தக்காளி, வேலைக்குப் பெங்களூர் போகும் இளைஞர்கள்.

பிரிவினைக் கதை முடிந்துவிடவில்லை. ஓசூரைத் தலைமையிடமாக வைத்து இன்னொரு மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2019-இல் மாநகராட்சியான பிறகு அந்தக் குரலுக்கு வலு கூடியிருக்கிறது. வாதம் 1965-இல் சொன்ன அதே வாதம்தான்: தளியிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க வந்து போக ஒரு நாள் கூலி போகிறது. வண்டி எண்ணில் ஓசூர் ஏற்கனவே தனி வீடு; கிருஷ்ணகிரிக்கு 24, தருமபுரிக்கு 29 என்றால் ஓசூருக்கு 70. மாவட்டம் என்று ஒருநாள் அறிவித்தால், எந்தத் தலைவரின் பிறந்தநாளில் அறிவிப்பார்கள் என்பது அன்றைக்கு ஆட்சியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தேன்கனிக்கோட்டைச் சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திர எழுத்தர்களுக்கு மட்டும், மாற்றி எழுத நான்காவதாக ஒரு மாவட்டப் பெயர் கிடைக்கும்.